தலை சாய்ந்த முயல்

மருத்துவம் என்பது மருத்துவன் ஒருவனாலேயே முற்றுப்பெறும் தொழிலன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக்கண் வள்ளுவர் மருத்துவத்தை நாற்கூறாக வகுத்துக் காட்டினார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அந்நான்குமாம். இவற்றுள் ஈற்றில் நிற்கும் பேணுவோனை உலகம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றது. நோய் நீங்கியவிடத்துப் புகழ் மருத்துவனுக்கும் மருந்துக்கும் உரியதாகின்றது. இரவெல்லாம் கண்விழித்தவனைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ஆயின், நான்காம் கூறே ஏனை மூன்றினையும் தாங்கிநிற்கும் நோய்களும் உள. வளர்ப்பு முயலின் மூளையையும் சிறுநீரகத்தையும் பற்றும் ஓர் ஒட்டுண்ணி நோய் அத்தகையது. அந்நோயின் இயல்பும், அதனாற் பீடிக்கப்பட்ட முயலைப் பேணும் முறையும் ஈண்டு விளக்கப்படுகின்றன.

தமிழில் முயல் என்னும் ஒரு சொல்லே இருவேறு உயிரினங்களுக்கு வழங்குகின்றது. ஈழத்துப் பற்றைக்காடுகளில் ஓடித்திரியும் முயல் வளை தோண்டுவதில்லை. அது தரைமேல் வாழ்ந்து, கண் திறந்த, மயிர் அடர்ந்த குட்டிகளை ஈனும். மேலைநாட்டார் இல்லங்களில் வளர்க்கும் முயலோ நிலத்தின்கீழ் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் மரபினது. கண் திறவாத, மயிரற்ற குட்டிகளை ஈனுவது. ஐபீரியக் குடாநாட்டைத் தாயகமாகக் கொண்ட இப்பின்னைய முயலே உலகெங்கும் பரவிய வளர்ப்பு முயல்கள் யாவற்றுக்கும் மூலமாகும். முன்னர் இறைச்சிக்கும் தோலுக்குமாகக் கூட்டில் அடைத்து வளர்க்கப்பட்ட இவ்வுயிர், இன்று பிரித்தானியா முதலிய நாடுகளில் நாயும் பூனையும் போல வீட்டினுள் உலாவும் உரிமை பெற்றுவிட்டது. பெயரிட்டு அழைக்கப்படும் உயிர் நோயுறும்போது அது வெறும் கால்நடை நோயாக இருப்பதில்லை. குடும்பத்தின் துயராகவும் மாறிவிடுகின்றது.

இந்நோய் பெரும்பாலும் முன்னறிவித்தலின்றித் தோன்றும். முதல்நாள் மாலை துள்ளி விளையாடிய முயல் மறுநாட் காலை தலையை ஒருபுறம் சாய்த்தபடி நிற்கும். அதன் கண்மணிகள் ஊசல்போல இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருக்கும். ஓரடி எடுத்துவைத்தால் உடல் ஒருபக்கமாகச் சரியும். சில வேளைகளில் உருளையைப்போலத் தன்னைத்தானே சுற்றிப் புரளும். சில முயல்களில் தலை சாயாது பின்னங்கால்கள் மட்டும் வலுவிழந்து இழுபடும். இக்காட்சியைக் கண்டோர் உள்ளம் பதைப்பதும், இவ்வுயிர் இனிப் பிழையாது, துன்பத்தை நீட்டாது முடித்துவிடுவதே அறம் என்று எண்ணுவதும் இயல்பே. ஆயின் அம்முதல்நாளிலேயே அவ்வாறு முடிவு செய்தல் தகுமா என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

இந்நோய் ஆராய்ச்சிச்சாலையிலேயே முதன்முதல் அறியப்பட்டது. 1922 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞராகிய றைற், கிறெயிக்கெட் என்போர், இளமுயல்களிடையே பரவிய ஒருவகைத் திமிர்வாத நோயை ஆராய்ந்து, அவற்றின் மூளையிலும் சிறுநீரகத்திலும் நுண்ணிய உயிரொன்றைக் கண்டனர். அடுத்த ஆண்டில், பாரிசு நகரத்துப் பாஸ்ரர் நிலையத்தில் லெவடிற்றி, நிக்கொலோ, ஷேன் என்னும் மூவர் அதற்கு 'என்செபலிற்றோசூன் கூனிக்கூலி' எனப் பெயரிட்டனர். முயலின் மூளையை அழலச் செய்யும் விலங்குயிர் என்பது அப்பெயரின் கருத்தாகும். அக்காலத்தில் மனிதரின் மூளையழற்சி நோய்களை ஆராய்வதற்கு முயல்கள் பெருந்தொகையாகப் பயன்பட்டன. முயலின் மூளையில் முன்னரே குடியிருந்த இவ்வொட்டுண்ணி விளைத்த கேட்டினைத் தாம் செலுத்திய நோய்ப்பொருளின் விளைவெனக் கருதி ஆராய்ச்சியாளர் மயங்கியதும் உண்டு. ஆகவே, நெடுங்காலம் இந்நோய் ஆராய்ச்சிக்கு இடையூறாகவே கருதப்பட்டது. அதனாற் பீடிக்கப்பட்ட முயல் குணப்படுத்தத்தக்க நோயாளியாகக் கருதப்பட்டது மிகப் பிற்காலத்திலேயாம்.

பெயரில் விலங்கு என்னும் பொருள் அமைந்திருப்பினும் இவ்வொட்டுண்ணி விலங்கன்று. புரோற்றோசோவா என்னும் ஒருகல உயிர்களின் கூட்டத்தில் இது முன்னர் வைக்கப்பட்டிருந்தது. பின்னர் நிகழ்ந்த பரம்பரையலகு ஆராய்ச்சி இது பங்கசுகளுக்கு நெருங்கிய உறவினது என்பதைத் தெளிவாக்கியது. 2001 ஆம் ஆண்டில் இதன் பரம்பரைப்பொருள் முழுவதும் வாசித்தறியப்பட்டது. 11 நிறமூர்த்தங்களும் ஏறத்தாழ 2,000 பரம்பரையலகுகளுமே இதற்குள்ளன. பிறிதோர் உயிரின் கலத்தினுள் வாழ்வதற்கு வேண்டியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஏனையவற்றை இது இழந்துவிட்டது. சக்தியைப் பிறப்பிக்கும் இழைமணியும் இதனிடத்தில் முழுமையாக இல்லை. அதன் எச்சம் மட்டுமே காணப்படுகின்றது. விருந்தளிக்கும் கலத்திலிருந்தே சக்தியையும் இது கவர்ந்துகொள்கின்றது.

உயிருக்கு வெளியே இது வித்தி வடிவிற் கிடக்கும். வித்தியின் நீளம் ஒரு மில்லிமீற்றரின் நானூற்றில் ஒரு பங்கு அளவினதே. தடித்த சுவரினாற் சூழப்பட்ட அவ்வித்தியினுள்ளே நுண்குழாய் ஒன்று கயிறுபோலச் சுருண்டு கிடக்கும். தக்க இடத்தை அடைந்ததும் அக்குழாய் வெளிப்புறமாகப் பிதிர்ந்து நீண்டு, அயலிலுள்ள கலத்தைத் துளைக்கும்; அதன்வழியே ஒட்டுண்ணியின் உட்பொருள் கலத்தினுட் செலுத்தப்படும். உட்சென்றது அங்குப் பெருகிப் பல வித்திகளாகும். ஈற்றிற் கலம் வெடிக்கும். வெளிப்பட்டவை அயற்கலங்களைப் பற்றும். கலம் வெடிக்குந்தோறும் உடலின் காவற்படை அவ்விடத்தில் திரண்டு போர் செய்யும். அப்போரின் விளைவாகிய அழற்சியே நாம் காணும் நோய்க்குறிகளிற் பெரும்பாலானவற்றுக்குக் காரணமாகும்.

ஒரு முயலிலிருந்து மற்றொன்றுக்கு இந்நோய் சிறுநீரினாற் பரவுகின்றது. நோயுற்ற முயலின் சிறுநீர் பட்ட புல்லையோ நீரையோ உட்கொள்ளும் முயல் வித்திகளையும் உட்கொள்கின்றது. அவை குடலினின்றும் குருதிவழியாகச் சிறுநீரகம், மூளை முதலிய உறுப்புக்களைச் சென்றடையும். தொற்றுண்டு ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் வித்திகள் சிறுநீருடன் வெளிவரத் தொடங்கும். மூன்றாம் மாதமளவில் பெரும்பாலும் குறைந்துவிடும். தாயின் சூல்வித்தகத்தைக் கடந்து கருவிலுள்ள குட்டியையும் இவை அடையக்கூடும். அவ்வாறு கருவிலேயே கண்வில்லையினுட் புகுந்த வித்திகள் பின்னர் வில்லையைச் சிதைத்து, கண்ணினுள்ளே வெண்ணிறத் திரளையையும் கடும் அழற்சியையும் விளைக்கும்.

எனினும், தொற்றுண்ட முயல்கள் யாவும் நோயுறுவதில்லை. பிரித்தானியாவில் நலமாயிருந்த 97 வளர்ப்பு முயல்களின் குருதியைச் சோதித்து 2006 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அவற்றுள் 52 வீதமானவை இவ்வொட்டுண்ணிக்கெதிரான பிறபொருளெதிரிகளைக் கொண்டிருந்தன எனக் காட்டியது. உடலின் நிர்ப்பீடனம் வலுவாயுள்ளவரை ஒட்டுண்ணி அடங்கிக் கிடக்கும். முதுமையோ, பிறநோயோ, இடமாற்றம் போன்ற அச்சமோ அவ்வலுவைக் குறைக்கும்போது அது தலைதூக்குமென்பர் அறிஞர். ஆகவே, முயல் நோயுற்றது தமது கவனக்குறைவினாலேயே என்று வளர்ப்போர் தம்மை நொந்துகொள்ள வேண்டுவதில்லை. பல்லாண்டுகளுக்கு முன்னரே, தாயின் கருவிலே கூட, இந்நோயின் வித்து இடப்பட்டிருக்கலாம்.

இனி, மருத்துவத்தின் நாற்கூறுகளையும் முறையே நோக்குதல் வேண்டும். முதற்கூறு நோயாளி. முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் இனத்தது. நோயுற்ற விலங்கையே வேட்டைவிலங்கு முதலிற் குறிவைக்குமாதலின், நோயை மறைப்பது முயலின் பிறவிக்குணமாயிற்று. அது நாயைப்போல முனகுவதுமில்லை, பூனையைப்போலக் கத்துவதுமில்லை. உண்ணாமல் ஒரு மூலையில் ஒடுங்கியிருப்பதே அதன் முறையீடு. அதன் குடலின் அமைப்பும் கருத்திற் கொள்ளத்தக்கது. முயலால் வாந்தியெடுக்க இயலாது; நார்ப்பொருள் இடையறாது சென்றுகொண்டிருந்தாலன்றி அதன் குடல் இயங்காது. தலைசுற்றலினால் உணவை வெறுக்கும் முயலின் குடல் சில மணித்தியாலங்களிலேயே தளரத் தொடங்கும். வாயு நிறைந்து வலியுண்டாகும். வலியினால் உணவில் வெறுப்பு மேலும் மிகும். மூளையிலுள்ள ஒட்டுண்ணி கொல்லுமுன்னரே வயிற்றிலுள்ள வெறுமை கொன்றுவிடுதல் கூடும். பன்னிரண்டு மணித்தியாலம் உண்ணாதிருந்த முயலை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

இரண்டாம் கூறாகிய மருத்துவருக்கும் இந்நோய் எளிதிற் பிடிபடுவதன்று. தலைசாய்தல் இவ்வொட்டுண்ணிக்கே உரிய குறியன்று. நடுச்செவியிலும் உட்செவியிலும் பற்றீரியாக்கள் பெருகிச் சீழ்கட்டினாலும் தலை சாயும், அடிபட்டாலும் சாயும், மூளையிற் கட்டி தோன்றினாலும் சாயும். ஆகவே செவியைச் சோதித்தலும், தலையோட்டை ஊடுகதிர்ப்படம் பிடித்தலும் வேண்டப்படும். குருதியிற் பிறபொருளெதிரி காணப்பட்டால் அம்முயல் எக்காலத்திலோ தொற்றுண்டது என்பது மட்டுமே உறுதியாகும். இப்போதைய நோய்க்குக் காரணம் அதுவே என்பது உறுதியாகாது. காணப்படாவிடின் இந்நோய் இருத்தல் அரிது எனக் கொள்ளலாம். ஐயமற்ற முடிவு இறந்தபின் மூளையை நுணுக்குக்காட்டியிற் பார்க்கும்போதே கிடைப்பது. அதுவரை காத்திருத்தல் மருத்துவமாகாது. எனவே நல்ல மருத்துவர் பலவகைக் குறிகளையும் ஒருங்குவைத்து நோக்கி, மிகப் பொருந்துவதைத் துணிந்து சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்குவர்.

மூன்றாம் கூறு மருந்து. பென்பென்டசோல் என்பது கால்நடைகளின் குடற்புழுக்களை அகற்றுவதற்கு வழங்கிவரும் மருந்து. கலங்கள் பிரிந்து பெருகுவதற்கு வேண்டிய நுண்குழாய்ப் புரதத்தை அது பற்றித் தடுக்கின்றது; அத்தடை புழுவுக்கு ஊறு செய்வதுபோல இவ்வொட்டுண்ணிக்கும் ஊறு செய்கின்றது. உடல்நிறையின் ஒரு கிலோக்கிராமுக்கு 20 மில்லிக்கிராம் வீதம் நாளொன்றுக்கு ஒருமுறை, 28 நாட்கள் வாய்வழியே கொடுத்தல் பெருவழக்காகும். 2001 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து அறிஞர் வெளியிட்ட ஆய்வு இம்முறைக்கு அடிப்படையாயிற்று. இரண்டு கிலோக்கிராம் நிறையுள்ள முயலுக்கு இது நாளொன்றுக்கு 40 மில்லிக்கிராம் ஆகும். அளவை மிகுத்தல் நன்மை தராது. இவ்வின மருந்துகள் சில முயல்களில் எலும்பு மச்சையைத் தாக்கிக் குருதிக்கலங்களைக் குறைத்ததுண்டு. ஆதலின் மருத்துவர் மேற்பார்வையிலன்றி இதனைக் கொடுத்தலாகாது. அழற்சியையும் வலியையும் தணிக்கும் மருந்தும், தலைசுற்றலைக் குறைக்கும் மருந்தும், நீரிழப்பை ஈடுசெய்யும் திரவமும் தேவைக்கேற்பச் சேர்க்கப்படும்.

மருந்தின் எல்லையையும் அறிதல் வேண்டும். அது ஒட்டுண்ணியின் பெருக்கத்தைத் தடுக்கும். சிதைந்த நரம்புக்கலத்தை மீட்டுத் தராது. எஞ்சிய நரம்புகள் சமநிலையைப் புதிதாகப் பழகிக்கொள்ளும்வரை அவ்வுயிர் உண்டும் பருகியும் காயமின்றியும் இருத்தல் வேண்டும். அவ்விடைக்காலம் சில நாட்களாகவும் இருக்கலாம். பல கிழமைகளாகவும் இருக்கலாம். அதனைக் கடத்திவைப்பது மருந்தன்று; நான்காம் கூறாகிய பேணுவோனே.

பேணுவோனின் முதற்கடமை இடத்தை ஒழுங்குசெய்தலாகும். உருண்டு புரளும் முயலைப் பெரிய அறையில் விடுதல் தகாது. சிறிய இடமொன்றை அடைத்து, தரையில் வழுக்காத மெத்தென்ற துணியை விரித்து, சுற்றிலும் சுருட்டிய துவாய்களை அணைவைத்தால் முயல் அவற்றிற் சாய்ந்து நிலைகொள்ளும். பேரொளியும் பேரோசையும் தவிர்க்கப்படல் வேண்டும். அதனைத் தூக்குதல் இன்றியமையாததாயின், மெல்லப் பேசிக்கொண்டு அணுகி, துவாயாற் சுற்றி, மார்போடு இறுக அணைத்தே தூக்குதல் வேண்டும். கால்கள் அந்தரத்திற் தொங்குமாயின் அச்சம் மிகுந்து புரளத் தொடங்கும். உடன் வாழும் துணைமுயலைப் பிரித்தல் நன்றன்று. துணையின் அண்மை நோயுற்றதற்கு ஆறுதலாகும். அன்றியும், துணை பெரும்பாலும் முன்னரே தொற்றுண்டிருக்கும். அதனையும் மருத்துவரிடம் காட்டிச் சோதிப்பித்தல் அமையும்.

இரண்டாம் கடமை உணவூட்டல். உலர்ந்த புல்லையும் பசிய இலைகளையும் சாய்ந்த தலைக்கு எட்டும் வண்ணம் வாயருகே வைத்தல் வேண்டும். நோயுற்ற முயல் கையாற் கொடுப்பதை உண்ணும்; தட்டில் வைத்ததை உண்ணாது விடும். தானே உண்ணாதாயின், புல் மாவினாலாய உணவை நீரிற் குழைத்து, ஊசி கழற்றிய மருந்துக்குழலினாற் புகட்டல் வேண்டும். குழலின் நுனியை முன்பற்களின் பின்னுள்ள இடைவெளியிற் பக்கவாட்டில் வைத்து, சிறிது சிறிதாக, முயல் விழுங்குவதைக் கண்டபின்னரே அடுத்த துளியைக் கொடுத்தல் முறை. மல்லாக்கக் கிடத்தி ஊட்டினால் உணவு சுவாசக்குழாயிற் புகுந்து உயிருக்குக் கேடாகும். நீரைத் தாழ்ந்த, கனமான கிண்ணத்தில் வைத்தல் நலம். தலை சாய்ந்த முயலால் தொங்கும் குப்பியிற் பருக இயலாது. நாள்தோறும் ஒரே வேளையில் நிறுத்து நிறையைக் குறித்துவைத்தலும், புழுக்கைகளின் தொகையையும் பருமனையும் கவனித்தலும் வேண்டும். நோயின் ஏற்றத்தாழ்வைத் தலையின் சாய்வைவிடப் புழுக்கையே உண்மையாக உரைக்கும்.

மூன்றாவது தூய்மை. பின்னுடல் வலுவிழந்த முயலின் சிறுநீர் தோலை நனைத்துப் புண்ணாக்கும். முயல் தன் குருட்டுக்குடலினின்றும் வெளிவரும் மென்மையான எச்சத்தைத் தானே மீண்டும் உண்ணும் வழக்கினது. வளைய இயலாத முயலில் அது உடலில் ஒட்டிக்கொள்ளும். இந்நாற்றத்தை நாடி வரும் ஈ முட்டையிட்டால், வெப்பகாலத்தில் ஒரு நாளுக்குள்ளேயே புழுக்கள் தோன்றி உயிரோடு தசையை அரித்துவிடும். எனவே காலையும் மாலையும் பின்னுடலைப் பார்த்து, இளஞ்சூட்டு நீராற் கழுவி, ஈரமின்றி உலர்த்துதல் கட்டாயமானது. தரையை நோக்கிய கண் இமைமூடாது உரசுண்டு புண்படக்கூடும். மருத்துவர் தரும் களிம்பினால் அதனைக் காத்தல் வேண்டும்.

வித்திகள் உலர்ந்த இடத்திலும் சில கிழமைகள் உயிர்த்திருக்கும். சிறுநீர் பட்ட துணிகளை நாள்தோறும் மாற்றிக் கொதிநீரில் இடுதலும், தரையைக் குளோரீன் சேர்ந்த வெளிற்றும் திரவத்தை நீரிற் கலந்து துடைத்து, நன்கு கழுவி உலர்த்திய பின்னரே முயலை மீண்டும் விடுதலும் தகும். புதிதாகக் கொணரும் முயலைச் சிலகாலம் தனியே வைத்துச் சோதித்தலும், உணவுக் கலங்களில் சிறுநீர் படாது உயர்த்தி வைத்தலும் நோயை வருமுன் காக்கும் வழிகளாம். மனிதருக்கும் இவ்வொட்டுண்ணி அரிதாகத் தொற்றும். நலமுள்ளோர் கைகளைக் கழுவிக்கொண்டால் அஞ்சவேண்டுவதில்லை. எய்ட்சு நோயினாலோ, உறுப்புமாற்றுச் சிகிச்சையின் பின் உட்கொள்ளும் மருந்தினாலோ நிர்ப்பீடனம் குன்றியோர் நோயுற்ற முயலைப் பேணும் பணியைப் பிறரிடம் ஒப்படைத்தல் நன்று.

இத்துணையும் செய்தபின் முயல் பிழைக்குமா? பிழைப்பவை பல. சிலவற்றின் தலை முற்றாக நிமிரும். சிலவற்றிற் சாய்வு ஆயுள் முழுவதும் எஞ்சும். அவ்வாறு சாய்ந்த தலையுடனேயே அவை ஓடும், உண்ணும், துணையோடு விளையாடும். காண்போருக்கு இரக்கமாகத் தோன்றும் அச்சாய்வு முயலுக்குப் பழகிய உலகமாகிவிடும். ஆகவே தலை நேராயிற்றா என்பதை விட, தானே உண்கின்றதா, அச்சமின்றி இருக்கின்றதா என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். மறுபுறத்தில், சிறுநீரகம் செயலிழந்து, ஊட்டியும் நிறை குறைந்து, மருந்துக்கும் அடங்காது இடையறாது புரண்டு வருந்தும் முயலும் உண்டு. அந்நிலையில் மருத்துவரின் துணைகொண்டு அதன் துன்பத்தை நோவின்றி முடித்தல் பேணுதலுக்கு மாறானதன்று. பேணுதலின் இறுதிச் செயல் அதுவே. முதல்நாட் காட்சியின் அதிர்ச்சியால் அம்முடிவை எடுத்தலே தவறு. பலநாட் கண்காணிப்பின் தெளிவால் எடுத்தல் தவறன்று.

ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆராய்ச்சிச்சாலைக் கூட்டில் நடுங்கிய முயல்களிடமிருந்தே மனிதன் இந்நோயை அறிந்தான். அவற்றைப் பேணுவார் ஒருவருமில்லை. அவ்வறிவு இன்று ஒரு வீட்டின் மூலையில், சுருட்டிய துவாய்களின் நடுவே கிடக்கும் மற்றொரு முயலுக்குப் பயன்படுகின்றது. மருத்துவர் நோயைப் பெயரிட்டுக் கூறுவர். மருந்து ஒட்டுண்ணியைத் தடுக்கும். நள்ளிரவில் எழுந்து, சாய்ந்த தலையை ஒரு கையால் தாங்கி, மறுகையால் துளித்துளியாக உணவூட்டுபவன் வந்தாலன்றி அவ்விரண்டும் பயன்தரா. நாற்கூறினுள் அவனையும் ஒருவனாக வைத்தெண்ணிய வள்ளுவர் மருத்துவத்தை முழுமையாக உணர்ந்தவர் என்பதற்கு, வாய்திறந்து நோவுரைக்க அறியாத இச்சிற்றுயிரின் நோயே போதிய சான்றாகும்.